மாமா டெஸ்ட்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மணி என் மேஜையில் அடிக்கும். "யாராவது இருக்கீங்களா?" என்பார்கள். "இருக்கேன், சொல்லுங்க" என்பேன். இந்தப் பதிலுக்குத்தான் கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. மெக்கானிக்கை அனுப்புவதும், அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு எதையாவது பேசிக்கொண்டிருப்பதும் அதில் அடக்கம். அப்படிப் பேசியதில் எனக்கு ஊரில் பாதிப் பேருடைய மாமியார் பிரச்சினை தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி. அவளும் இதே கம்பெனிதான். லிஃப்டை ஓட்டுகிற மென்பொருளைச் சோதிக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அவளைப் பார்த்துத் தம்பிக்குக் கட்டிவைத்தவள் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் அடுத்தவர் கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெளிவான அபிப்பிராயங்கள் உண்டு. ஒருநாள் கேன்டீனில் அவள் தண்ணீர் பாட்டிலை மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, திறந்து, மறுபடி மூடி, மறுபடி கவிழ்த்ததைக் கண்டேன். தினமும் காலையில் சாவியைத் தேடி வீட்டையே புரட்டிப்போடுகிற என் தம்பிக்கு இவள்தான் சரி என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். கணக்குத் தப்பவில்லை. இப்போதெல்லாம் அவனுக்குச் சாவி கிடைத்துவிடுகிறது, நிம்மதிதான் கிடைப்பதில்லை. வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போன பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அவன் முனையிலேயே நின்று வானத்தைப் பார்ப்பான்.

ஆபீஸில் அவளுக்கு மறுபடி என்று பெயர். நேரில் "மேடம்", முதுகு திரும்பினால் "மறுபடி". அவளுக்கும் தெரியும்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. எங்கள் லிஃப்டுகளில் மாடி எண்ணைச் சொல்ல ஒரு பெண் குரல் உண்டு. அது சளி பிடித்த மாதிரி இருக்கிறது என்று பல வருஷம் முன்பு புகார் வந்து, வேறு குரல் போட்டார்கள். மாற்றியது குரல்தானே என்று குரலை மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு எல்லாக் கட்டடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுவாரம் கதவுகள் மூட மறுத்தன. புதுக் குரல் பழையதைவிடக் கொஞ்சம் நீளம். கம்ப்யூட்டரின் நினைவில் கதவுக்கு ஒதுக்கிய இடத்தில் அது காலை நீட்டிப் படுத்துக்கொண்டுவிட்டது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று பேச்சுக்குச் சொல்வோம். அப்படி ஒரு முடிச்சு உண்மையிலேயே விழும் என்று அன்றைக்குக் கண்ணால் கண்டோம். அந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அத்தனை போன்.

அப்போதுதான் அவள் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாள். "எதைத் தொட்டாலும் சரி, எல்லாத்தையும் மறுபடி." ஒரு எழுத்தை மாற்றினாலும் கதவு, ஓட்டம், எடை, குரல், போன் என்று இருக்கிற டெஸ்ட் முழுவதையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அன்றைக்கு ஒருவரும் எதிர்க்கவில்லை. சூடு கண்ட பூனைகள் எல்லோரும்.

டெஸ்டுகளுக்கு எண் உண்டு, யாரும் எண்ணைச் சொல்வதில்லை. எந்த ஆள் மாட்டியதால் அந்த டெஸ்ட் பிறந்ததோ, அந்த ஆளின் பெயர்தான் அதற்கும். மாட்டியவரோடு பேசியவள் நான் என்பதால் பெயர் வைக்கும் உரிமை என்னுடையது. உடையின் நுனி கதவில் சிக்க, லிஃப்ட் கிளம்பப் பார்த்தது மணப்பெண் டெஸ்ட். ஒருவன் உள்ளேயும் ஒருவன் வெளியேயும் நிற்கக் கதவு மூடிக்கொண்டது இரட்டையர் டெஸ்ட். பாதி ஏற்றிய பியானோவைக் கதவு மெல்லவும் விழுங்கவும் முடியாமல் திரும்பத் திரும்பக் கடித்தது பியானோ டெஸ்ட். உள்ளே வந்த டெஸ்ட் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. எடுக்க யாருக்கு மனசு வரும்? எடுத்த மறுநாள் இன்னொரு மணப்பெண் மாட்டினால் யார் பதில் சொல்வது?

இவை எல்லாம் மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலையும் அல்ல. கம்பெனிக்குப் பின்பக்கம் தகரக் கொட்டகையைப் பொத்துக்கொண்டு ஒல்லியாக ஒரு கோபுரம் நிற்கும். அதற்குள் லிஃப்ட் மட்டும்தான் இருக்கிறது. எந்த மாடியில் இறங்கினாலும் ஒரு இரும்புப் பலகையும் ஒரு பல்பும் தவிர வேறொன்றும் கிடையாது. பயணிகள் எல்லாம் மணல் மூட்டைகள். ஈரம் குடித்து மூட்டை கனத்துவிடும் என்று வாராவாரம் அவற்றையும் எடை போடச் சொல்வாள் மறுபடி. முழுச் சோதனை முடிய இரண்டரை மாதம் ஆகும். ஒன்று முடிவதற்குள் அடுத்த மாற்றம் வாசலில் வந்து நிற்கும்.

இருப்பதிலேயே நீளமானது மாமா டெஸ்ட். மாமா என்றால் என் தம்பியின் மாமனார், மறுபடியின் அப்பா. எனக்கும் அவர் மாமாதான்.

டயர் கடை வைத்திருந்தவர். வாழ்நாள் முழுக்கச் சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததில் இரண்டு முட்டியும் போய்விட்டது. கடையை விற்று ஏழாம் மாடியில் வீடு வாங்கினார். "எங்க லிஃப்ட்தான் போட்டிருக்காங்க, நம்பி வாங்கலாம்" என்று சொன்னவள் மகள். குடிபோன சில மாதங்களில் ஒரு மத்தியானம் அந்தப் பகுதி முழுக்க மின்சாரம் போய், ஊர்ப்பட்ட லிஃப்டுகள் நின்றன. என் மேஜை பொரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குரல் எனக்குத் தெரிந்த குரல்.

"மாமா? நீங்களா?"

"ஆமாம்மா. ஒண்ணும் அவசரம் இல்ல. மத்தவங்களை முதல்ல பாருங்க. குழந்தை குட்டியோட இருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "பாப்பாகிட்ட சொல்லாத. பயந்துடுவா" என்றார்.

பாப்பாவுக்கு அப்போதே நாற்பது வயது. நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி? அவள் ஓடிப்போய் மெக்கானிக்கைப் பிடித்துக் கிளம்புவதற்குள் லிஃப்ட் போனின் பேட்டரி தீர்ந்து லைன் செத்துவிட்டது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது மாமா இருட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஜோடியாகப் பக்கத்தில் வைத்திருந்தார். "போன் போனதும் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றதோடு சரி, அதற்குப் பிறகு அந்த மத்தியானத்தைப் பற்றி அவர் பேசியதில்லை.

மகள் பேசவில்லை, டெஸ்ட் எழுதினாள். மின்சாரத்தை நிறுத்தி, லிஃப்டுக்குள் ஒரு ஆளை உட்காரவைத்து, பேட்டரி முழுக்கத் தீரும்வரை போனைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, வெயிலில் ஒரு தடவை, குளிரில் ஒரு தடவை, பழைய பேட்டரியில் ஒரு தடவை. முடிய மூன்று வாரம் ஆகும். மறுமுனையில் பேச நான். கோபுரத்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளோடு பேச விஷயம் தீர்ந்துபோய், ஒரு கட்டத்தில் இருவரும் பெருக்கல் வாய்ப்பாடு சொல்வோம்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி போன வருஷம் குடை சாய்ந்தது.

எல்லா லிஃப்டுகளிலும் பழைய கம்ப்யூட்டர் பலகையைக் கழற்றிப் புதியது போட்டிருந்தார்கள். அதில் ஒரு கோளாறு. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், சில லிஃப்டுகளுக்குத் தாங்கள் எந்த மாடியில் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. இரண்டு மாடிக்கு நடுவில் நின்று யோசித்தன. மாமாவின் கட்டடத்து லிஃப்ட் இரண்டு தடவை யோசித்ததும், குடியிருப்போர் சங்கத்தார் கூடிப் பேசிக் கதவுக்குக் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டு மூடிவிட்டார்கள். கோளாறைச் சரிசெய்யும் நிரல் ஒரே நாளில் தயாராகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வரிதான். ஆனால் எதைத் தொட்டாலும் எல்லாம் மறுபடி. இரண்டரை மாதம். அதற்கு முன்னால் வரிசையில் நின்ற இன்னொரு மாற்றத்துக்கு இரண்டரை மாதம்.

மாமாவுக்குக் கீழே ஒரு சீட்டுக் கச்சேரி உண்டு. சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் நாலு நாற்காலி, நாலு கிழவர்கள், காசு வைக்காத ஆட்டம். காசு இல்லாததால் சண்டை மட்டும் தாராளமாக நடக்கும். லிஃப்ட் நின்றதும் மாமா பால்கனியிலிருந்து கத்தியே ஆடினார். பிறகு போனில் ஆடினார். அவருடைய சீட்டைப் பக்கத்து நாற்காலிக்காரர் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்ட என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, நான் பார்க்கவே இல்ல" என்று சத்தியம் செய்வாராம். ஒருநாள் இரண்டாம் மாடிப் பல் டாக்டர், ஆள் குறைகிறதே என்று மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றாக ஆடுவாராம்.

நடுவில் என் தம்பியும் காவலாளியும் மாமாவை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுபோனார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒதுங்கி நின்று வாயைப் பிளந்து பார்த்தது. கீழே போனதும் மாமா சீட்டைத் தொடவில்லை. "பீரோவை இறக்கற மாதிரி இறக்கிட்டீங்க. அதே மாதிரி ஏத்திடுங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மகள் தினமும் ஆபீஸ் முடிந்து, சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறினாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஐந்தாம் மாடியில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவள் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தாள். மாமா பால்கனிப் பக்கமே போகாமல் நடுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பல நாள் தாடி. டயர் கடைக்குக்கூடச் சவரம் செய்துகொண்டு போன மனுஷர்.

"என்ன மாமா இது கோலம்?"

"பார்க்க யாரும்மா வர்றா?" என்றார். நாங்கள் இருவரும் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நீண்டது.

"அவரைப் பெஞ்சு போட்டு யாரும் பூட்டல. நீதான் பூட்டி வெச்சிருக்க. உன் விரலாலயே உன் கண்ணைக் குத்திக்கிற."

"வேற என்னக்கா பண்ணச் சொல்றீங்க? பார்க்காம அனுப்பச் சொல்றீங்களா?"

"அந்தப் பத்து வரிக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்?"

"குரலுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் இருந்துச்சு?"

அவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபம்தான் கொஞ்சம் அதிகம்.

டெஸ்டுகளைக் குறைக்க வேண்டும் என்று புது மேனேஜர் வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "பாதியை எடுத்துடலாம் மேடம்." "எந்தப் பாதி சார்?" என்பாள் அவள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். இந்தத் தடவை அவளாகவே அவர் அறைக்குப் போனாள். கூடக் கதவுக்காரரையும் அழைத்துப் போனாள். கதவுக்காரர் என்பவர் கதவுக்கான நிரலை எழுதுகிறவர். வேறு வேலை எதுவும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

புதுப் பலகையில் சுவர்கள் உண்டு. கதவு, ஓட்டம், எடை, குரல், போன் ஒவ்வொன்றுக்கும் தனி அறை. நினைவில் தனி இடம், வேலை செய்யத் தனி நேரம். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் கால் நீட்ட முடியாது. குரல் விவகாரத்துக்குப் பிறகு யோசித்துக் கட்டியது அது. சுவர் எழுந்து ஒரு வருஷம் ஆகியும் அதை நம்பி ஒரு டெஸ்டையும் யாரும் குறைக்கவில்லை.

"சுவர்தான் இருக்கே மேடம்" என்றார் மேனேஜர்.

"இருக்குன்னு நீங்க சொல்றீங்க. நான் இடிச்சுப் பார்த்ததில்ல."

அதுதான் அவள் கேட்டது. ஒவ்வொரு தடவையும் எல்லா அறையையும் பெருக்கித் துடைப்பதற்குப் பதிலாக, ஒரு தடவை சுவரை மட்டும் சரியாகச் சோதிப்போம். சுவர் நின்றால், எந்த அறையில் கை வைத்தோமோ அந்த அறையின் டெஸ்டுகளும், அந்த அறை யாரோடு பேசுகிறதோ அந்தப் பேச்சின் டெஸ்டுகளும் போதும். மாமா கட்டடத்துப் பெஞ்சு இல்லாமல் இருந்திருந்தால் இந்த யோசனை அவளுக்கு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கதவுக்காரரிடம் கெட்ட பிள்ளைகள் எழுதச் சொன்னாள். அப்படித்தான் சொன்னாள். குரலின் அறையில் நல்ல நிரலை எடுத்துவிட்டு ஒரு அடங்காத நிரலை வைப்பது; அது ஊரான் இடத்தையெல்லாம் பிடிக்கப் பார்க்கும், தன் நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்காது, கையில் கிடைத்ததையெல்லாம் அழிக்கப் பார்க்கும். பக்கத்து அறைகள் தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். நல்ல நிரலையே எழுதிப் பழகிய மனுஷர், முதல் கெட்ட பிள்ளையை எழுத ஒரு நாள் முழுக்கத் தயங்கினார். பிறகு ருசி கண்டுவிட்டது. "இதைவிட மோசமா ஒண்ணு வெச்சிருக்கேன் மேடம்" என்று காலையில் சிரித்துக்கொண்டே வருவார்.

நான் வேடிக்கை பார்க்கப் போனேன். கோபுரத்துக்குள் அந்தப் பெண் குரல் பேய் பிடித்த மாதிரி "ஏழு ஏழு மூன்று ஏழு தரைத்தளம் ஏழு" என்று கதறிக்கொண்டிருந்தது. கீழே கதவு, காது கேளாதவர் போல, திறந்தது, நின்றது, மூடியது. மணல் மூட்டைகள் ஏறி இறங்கின. மேனேஜர் கைதட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மறுபடி. "கதவு மூடறது கொஞ்சம் தாமதமாகுது."

"கண்ணுக்கே தெரியலையே மேடம்!"

"எனக்குத் தெரியுது."

அளந்தார்கள். தாமதம் இருந்தது. இரண்டு அறைக்கும் பொதுவாக இருந்த கடிகாரத்தைக் குரல் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தது. சுவரில் எலி வளை. அதை அடைத்துவிட்டு, வேறென்ன, மறுபடி. இந்த முறை போனுக்குக் கெட்ட பிள்ளை, ஓட்டத்துக்குக் கெட்ட பிள்ளை, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கெட்ட பிள்ளைகள். ஒரு மாதம் போல இது நடந்தது. சுவர் நின்றது. அவள் அதை நம்பினாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நம்ப மறுப்பதற்கு அவளிடம் காரணம் தீர்ந்துபோனது. அது வரைக்கும் எனக்குத் தெரியும்.

பிறகு உட்கார்ந்து கழித்தார்கள். அந்தப் பத்து வரி ஓட்டத்தின் அறையில் இருக்கிறது. கதவோடு பேசும், எடையோடு பேசும். அந்த டெஸ்டுகள் இருக்கட்டும். மணப்பெண் இருக்கிறாள், கதவு சம்பந்தம். பியானோவும் அப்படியே. குரல் டெஸ்டுகள் எல்லாம் இந்தத் தடவை வேண்டாம். போன் டெஸ்டுகள் வேண்டாம் என்று வரும்போது பட்டியலில் ஓடிய பேனா நின்றுவிட்டது. பெயர் வைத்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

கதவுக்காரர்தான் மெல்ல ஆரம்பித்தார். "மேடம், மாமா டெஸ்டை மட்டும் வெச்சுக்கலாமே. மூணு வாரம்தானே."

"போன் அறைக்கும் இந்த மாற்றத்துக்கும் பேச்சுவார்த்தை உண்டா?"

"இல்ல. ஆனா அது உங்க அப்பாவோட…"

மேனேஜரும் தலையாட்டினார். "எமோஷனா ஒரு விஷயம் இருக்கில்ல மேடம். அது இருக்கட்டும். நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள். "இப்படித்தான் சார் எல்லாம் சேர்ந்துச்சு" என்றாள். "மணப்பெண்ணுக்கும் அப்பா இருப்பார். அந்த ரெட்டைப் பசங்களுக்கும் இருப்பார். என் அப்பாங்கறதால இது இருந்தா, யாரோடதையும் நான் எடுக்க முடியாது. இது போகுது."

அவளே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை மூடி, மூடியை இழுத்துப் பார்த்து, மறுபடி மூடினாள். கீழே வரும்போது, "தப்பாப் போனா என்னக்கா பண்றது?" என்று கேட்டாள். அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "போன் பண்ணுவாங்க, நான் எடுப்பேன்" என்றேன். அது போதாது என்று இருவருக்கும் தெரியும்.

இரண்டு வாரத்தில் சோதனை முடிந்தது. மாமாவின் கட்டடத்துக்கு மெக்கானிக் போய்ப் புதியதை ஏற்றினார். முதல் நாள் நடைவேகத்தில்தான் ஓடவிடுவோம், அது எங்கள் வழக்கம். சங்கத்தார் பெஞ்சை எடுத்தார்கள்.

ஏழாம் மாடியில் நடந்தது தம்பி சொல்லித் தெரியும். மாமா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கைத்தடியை ஊன்றி லிஃப்ட் வாசலில் நின்றாராம்.

"எல்லாம் பார்த்தாச்சா பாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. "எல்லாம் இல்லப்பா. மாத்தினது எதையெல்லாம் தொடுமோ அதைப் பார்த்தாச்சு. உங்க டெஸ்ட் பண்ணல."

"என் டெஸ்டா? அது என்ன?"

இத்தனை வருஷத்தில் அவருக்கு யாருமே சொல்லவில்லை. அவள் சொன்னாள்: கோபுரம், இருட்டு, போன், பேட்டரி, அதை வேண்டாம் என்று தான் போட்ட கையெழுத்து. மாமா கேட்டுக்கொண்டே நின்றார். "என் பேர்ல ஒண்ணு இருந்துச்சா" என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போனார். அவளும் ஏறப் போக, கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். "நீ இரு. நான் தனியா இறங்கறேன்." கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததைத் தம்பி பார்க்கவில்லை. மாமா வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தானாம்.

என் மேஜையில் மணி அடித்தது. திரையில் அந்தக் கட்டடத்தின் எண். ஒரே தாவலில் போனை எடுத்தேன்.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா. என்ன ஆச்சு? நின்னுடுச்சா?"

"நிக்கலம்மா. போயிட்டுதான் இருக்கு. இந்த போனை இந்தத் தடவை யாரும் பார்க்கலைன்னு பாப்பா சொன்னா. யாராவது பார்க்கணுமில்ல? அதான்."

எனக்குத் திட்டவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. "நல்லாக் கேக்குது மாமா" என்றேன்.

"எனக்கும் நல்லாக் கேக்குது. வெச்சுடாத. கீழ போற வரைக்கும் இரு."

"இருக்கேன்."

"ஐந்து" என்றது அந்தப் பெண் குரல், சாந்தமாக. மாமாவின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஒரு சத்தம் வருதும்மா" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "என்ன சத்தம்? உரசற மாதிரியா?"

"இல்ல. வெளியில. படியில யாரோ ஓடறாங்க. செருப்புச் சத்தம். ஒவ்வொரு மாடியிலயும் கதவுகிட்ட வந்து நிக்குது. நான் தாண்டினதும் மறுபடி ஓடுது."

"நான்கு" என்றது குரல். அவர் சொன்ன பிறகு எனக்கும் மெலிதாகக் கேட்டது. தடதடவென்று இறங்கி, நின்று, திரும்பத் தடதடவென்று. ஏழு மாடியைத் தினமும் ஏறிப் பழகிய கால்.

"கையெழுத்துப் போட்டவ எதுக்கும்மா ஓடறா?" என்றார் மாமா. அவர் குரல் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

மூன்று. இரண்டு. ஒன்றுக்கு வரும்போது, "அவகிட்ட சொல்லாத, எனக்குக் கேட்டுச்சுன்னு" என்றார்.

கதவு திறக்கும் சத்தம். தூரத்தில் கிழவர்கள் இரைச்சல், நாற்காலியை இழுக்கும் ஓசை, "டாக்டர், எழுந்திருங்க, ஆள் வந்தாச்சு" என்று யாரோ. மாமா போனை அணைக்க மறந்திருந்தார். அதனால் அவள் குரலும் கேட்டது, மூச்சு வாங்க.

"வந்துட்டீங்களாப்பா?"

"வந்துட்டேன். நீ எப்படி அதுக்குள்ள வந்த?"

"சும்மா. மெதுவா நடந்துதான் வந்தேன்."

சாயங்காலம் அவள் எனக்குப் போன் செய்தாள். அப்பா உங்களைக் கூப்பிட்டாராமே என்று ஆரம்பித்து, லைன் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, இடையில் அறுந்ததா, குரல் தெளிவாக இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"வேற ஏதாவது சத்தம் கேட்டுச்சாக்கா?"

"இல்லையே" என்றேன்.